ஹெஸ்டர் டன்பாரின் காயாத மனுக்கள்

ஹெஸ்டர் டன்பார் எழுதிய மனுக்களில் மை காயவில்லை. 1887 மார்ச்சில் அவள் எழுதிய முதல் மனு, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளை வைத்திருந்த டெரின் ஆற்றுக் குடியிருப்பிலிருந்து மூன்று நாள் தபால் வண்டியில் குலுங்கி அவர்களை நிர்வகித்த மெல்பர்ன் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதும் ஈரமாகவே இருந்தது. அதே மாதம்தான் மாவுப் பங்கீட்டைப் பாதியாகக் குறைத்தார்கள், ஆட்டுக் கொட்டகையின் கூரையும் காற்றில் போனது. ஆகவே மையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. தொட்டவர் விரலில் ஒட்டியது, ஒட்டியது போகவில்லை, அவ்வளவுதான். கறுப்பர்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகே அனுப்புவது என்று விதி வைத்திருந்த குடியிருப்பு மேலாளர் பாக்ஸ்டருக்கு வலக்கை மணிக்கட்டு வரை கறுத்துப்போனது. அவர் மனைவி மணலையும் எலுமிச்சையையும் போட்டுத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனுஷன் கையுறை போட்டுக்கொண்டு ஜெபித்தார். "தொரை நம்ம கலருக்கு வந்துக்கிட்டிருக்காரு. இனி அவருக்கும் பாதி மாவுதான்" என்றான் ஹெஸ்டரின் கொழுந்தன் ஜோசாயா.

மனுவில் இருந்தது ஒரே விஷயம். வெள்ளை ரத்தம் கலந்த பிள்ளைகள் குடியிருப்பில் இருக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்து, ஹெஸ்டரின் பதின்மூன்று வயது மகளை நகரத்தில் ஏதோ ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கக் கொண்டுபோயிருந்தார்கள். எந்த வீடு என்று சொல்லவில்லை. வேதம் வாசிப்பதற்காக மிஷன் பள்ளியில் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்திலேயே அவள் கேட்டாள்: 'ஐயா, பெண் ஆட்டிடமிருந்துகூட குட்டியைப் பால் மறந்த பிறகுதான் பிரிப்பீர்கள். எனக்கு அந்தக் கணக்கும் கிடையாதா? என் மகளை அனுப்பிவையுங்கள்.' மகளின் பெயரை மனுவுக்கு நாலு தடவையாவது முழுதாக எழுதினாள். இல்லாவிட்டால் எந்தப் பெண்ணைத் தேடுவது என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

அடுத்த வருஷக் கடைசியில் வாரியத்திலிருந்து விசாரிக்க மூன்று கனவான்கள் வந்தார்கள். மை காயாததைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஒரு கறுப்பி இப்படி எழுதுவாள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. தங்கள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள். எழுதிக் காட்டினாள். "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் மூத்தவர். "பெத்த வயிறு சொல்லிக் குடுத்துச்சு. உங்க வீட்ல யாரும் பெத்ததில்லையா ஐயா?" என்றாள். கறுத்த விரல்களோடு தேநீர் குடித்துவிட்டுப் போனவர்கள், 'பின்னால் ஒரு வெள்ளைக்காரன் இருக்கிறான், கண்டுபிடிக்கவும்' என்று அறிக்கை கொடுத்தார்கள். அடப் பாவிகளா! பாக்ஸ்டர் ஆறு மாதம் அந்த வெள்ளைக்காரனைத் தேடினார்.

முப்பத்தொரு மனுவுக்குப் பிறகு, 1890இல் ஒரு பதில் வந்தது. அந்தப் பெண் 1888 குளிர்காலத்திலேயே நெஞ்சுச்சளி கண்டு இறந்துவிட்டாள், எனவே மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை என்று இரண்டே வரி. எங்கே புதைத்தார்கள் என்றுகூட இல்லை.

ஹெஸ்டரின் ஜனங்கள் செத்தவர் பெயரைச் சொல்வதில்லை. அதே பெயர் உள்ளவர்கள்கூட வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். சொன்னால், போகிற ஆள் திரும்பிப் பார்த்து நின்றுவிடும். அந்தப் பெயர் இந்தக் கதையிலும் வராது. ஆனால் ஹெஸ்டர் இரண்டு வருஷமாக, தெரியாமலே, மனுவுக்கு நாலு தடவை அதை எழுதியிருக்கிறாள். எழுதியது ஒன்றும் காயவுமில்லை.

"நான்தான்டா அவளப் போகவிடாம புடிச்சு வச்சிருக்கேன், ஜோசாயா! கூப்ட்டுக்கிட்டே இருந்திருக்கேனே, பாவி!" என்று மண்டையில் அடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா செஞ்சீங்க அண்ணி? செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லாம உங்கள எழுத விட்டாங்களே, அவனுங்க வெளங்குவானுங்களா?"

மனுக்களைத் திருப்பிக் கேட்டாள். அவை இப்போது அரசாங்கச் சொத்து என்று பதில் வந்தது.

ஹெஸ்டர் தன் ஜனங்களின் துக்க வழக்கப்படி தலையில் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டாள். மகளின் பழைய பாவாடையை ஆற்றில் நனைத்துக்கொண்டு வந்து, எழுதுகிற மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். மேஜையில் ஒன்றுமே இல்லை, காய்ந்த பலகை. அந்தப் பெயரை எழுதிய இடங்கள் நூற்று இருபதுக்கும் மேல். ஒவ்வொன்றும் எந்த மனுவில் எந்த வரி என்று அவளுக்கு மனப்பாடம். சாயங்காலம் பாவாடை கரியாகக் கறுத்திருந்தது. அதைத் தரையில் படாமல் இரண்டு கையிலும் ஏந்திப் போய், ஜோசாயா தோண்டிய குழியில் படுக்கவைத்தாள். எல்லோரும் மண் தள்ளினார்கள். சிலுவை நடவில்லை. ஜனங்கள் ராத்திரி முழுக்க அழுதுவிட்டு விடிந்ததும் ஆட்டை அவிழ்க்கப் போனார்கள்.

அன்றைக்கு மெல்பர்னில், வாரியத்தின் கோப்புக்கட்டில் இருந்த முப்பத்தொரு மனுக்களிலும் அந்தப் பெயர் இருந்த இடங்கள் மட்டும் வெறுமையாயின. மற்ற எழுத்தெல்லாம் ஈரமாகவே இருந்தது. அதைக் கவனித்த குமாஸ்தா, அலுவலகம் கொடுத்திருந்த ரப்பர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேல்தாளில் எழுதினார்: 'மனுதாரர் எந்தப் பெண்ணைக் கேட்கிறார் என்று எங்குமே குறிப்பிடவில்லை. தள்ளுபடி.'