படகுக்குப் போகும் வழியில் ஒரு துணிக்கொடி

தாம்பரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து கோவளம் திரும்பிய வெண்ணிலா, தோள்பையைக் கூடக் கழற்றாமல், "நாளைலேர்ந்து நான் போவல நைனா" என்றாள்.

அவள் அப்பா கோதண்டம் வலையிலிருந்து கையை எடுத்தார். "எவனாச்சும் எதுனா சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல குந்தினு இருந்த பொண்ணு எழுந்து ஜன்னலத் தொறந்துச்சு. ஏசி ரூமு நைனா அது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீட்டு முன்னால் மனைவி அங்காளம்மா கருவாடு காயப்போடும் இடத்திலேதான் துணிக்கொடியும் இருந்தது. சேர்த்துவிடச் சொல்லி மூன்று மாதம் அடம்பிடித்த பெண், இப்போது தானாகவே வேண்டாம் என்கிறாள்.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. வீட்டின் பின்பக்கம், கருவாட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, மணலில் இடுப்பளவு தோண்டி இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டார். செங்கல் துண்டுகளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி இடித்தார். கைகளை விரித்து விரித்து அளந்து புதுக் கயிறு கட்டினார். மீன்வாடை அடிக்கும் வலைக்கயிறு சும்மா கிடந்தும் தொடவில்லை.

பிற்பகலில் அந்தக் கொடியில் காய்ந்த மகளின் துப்பட்டாவை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. துணி சுத்தமாகிவிட்டதா, தன் மூக்குதான் பழகிவிட்டதா? துப்பட்டாவோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பள்ளிக்கூட டீச்சர் ரத்தினபாய் வண்டலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். இத்த கொஞ்சம் மோந்து பாத்து சொல்றீங்களா?"

டீச்சர் முகர்ந்தார். "சோப்பு வாசனை வருதுண்ணா" என்றவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கருவாடும் வருது" என்றார்.

திரும்பும்போது கடற்காற்று முகத்தில் அடித்தது. கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார். கருவாட்டைத் தாண்டித்தானே இந்தக் காற்று வீட்டுப் பின்பக்கம் போகிறது! கடலில் காற்றைக் கணித்தே பிழைப்பவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தார்.

கொடி கருவாட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆனால் ஆட்கள் படகுக்கு இறங்கும் வழி அது. பெண்கள் துணி தொங்கும் கொடிக்கு அடியில் நுழைந்து போனால் அன்றைக்கு வலை காலி என்று அந்தக் குப்பமே நம்பியது. கோதண்டமும்தான்.

மாலையில் கம்புகளைப் பிடுங்கி அங்கே நட்டபோது, அவரோடு படகில் வரும் கேசவன் வந்து நின்றான்.

"இன்னா மாமா, கடலம்மா பொடவையக் காயப்போடப் போறியா?"

"வெண்ணிலா துணிடா."

"பேஜாரு பண்ணாத மாமா. நாங்கல்லாம் சுத்திகினு போவணுமா?"

"போயேன். காலு தேஞ்சிடுமா?"

"அப்ப நீ?"

கோதண்டம் முடிச்சை இறுக்கினார்.

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் அங்காளம்மா மகளின் நான்கு சுடிதார்களையும் துவைத்துப் புதுக் கொடியில் போட்டாள். கோதண்டம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கேசவன் ஏற்கெனவே சுற்றிப் போய்ப் படகருகே நின்றான்.

கொடிக்கு முன்னால் அவர் கால் நின்றது.

"சுத்திப் போ நைனா" என்றாள் வாசலில் நின்ற வெண்ணிலா. "நான்தான் கிளாசுக்குப் போவலன்னு சொல்லிட்டேனே. உனக்கு இன்னாத்துக்கு இது?"

அவர் குனிந்தார். ஈரத் துப்பட்டா தலையை உரசிக்கொண்டு போனது. பிடரியில் சொட்டிய தண்ணீர் முதுகில் சில்லென்று இறங்கியது. துடைக்காமல் நடந்தார்.

"போச்சுடா இன்னிக்கு" என்றான் கேசவன்.

அன்று கிடைத்தது சுமாரான மீன். கேசவனால் குறையும் சொல்ல முடியவில்லை, பெருமையும் பேச முடியவில்லை. கரை சேர நாலு மணி ஆயிற்று. தூரத்திலிருந்தே கோதண்டம் கொடியில் துணிகளை எண்ணினார். மூன்று சுடிதார்கள்தான் ஆடின. நீலச் சுடிதாரைக் காணவில்லை.

"இன்னாய்யா அப்டிப் பாக்குற?" என்றாள் அங்காளம்மா. "மூணு மணி பஸ்ஸுக்கே கிளாசுக்குப் போய்ட்டா உம்பொண்ணு. நைனா வந்தா சொல்லுன்னா."

கயிறு நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து, இன்னொரு முறை இழுத்துக் கட்டினார்.