ஆயிரம் மீட்டருக்கு மேலே

1

இந்தக் கதை ஒரு தேயிலைப் பையில் தொடங்கியது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் என் மேல்மாடியில் குடியிருக்கும் லோய்ஸ், மலைக்குடில்களில் வெந்நீர் மட்டும் வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன தேயிலைப் பையை அதில் முக்குவார். பிறகு அதையே முதுகுப்பையில் தொங்கவிட்டு உலர்த்தி, அடுத்த குடிலில் மறுபடி முக்குவார்.

"அவன் மீசையும் அந்தப் பையும் இப்ப ஒரே நிறம்," என்றார் அவர் மனைவி புர்கி, படிக்கட்டில் நின்று.

குடும்பக் காதல் கதை எழுதுகிறவளுக்கு இது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகியது. எழுபது வயதிலும் அவர் கை அவள் கையைத் தேடி' — வேண்டாம். அவர்கள் கைகோத்து நடப்பதே இல்லை. கைக்கு ஒன்றாக ஊன்றுகோல் இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: மியூனிக்கிலிருந்து வெனிஸுக்கு மலைவழியே நடந்து சேர்வது அவர்கள் திட்டம். கோடைக்குக் கொஞ்சமாக, குடில்களின் பொதுப்படுக்கையில் தூங்கி, சொந்த ரொட்டி தின்று. ஒரே ஒரு ஒப்பந்தம். யார் முதலில் 'கீழே போயிடலாம்' என்கிறாரோ, அன்றோடு நடை முடிந்தது. இரண்டு ஜோடி பூட்ஸையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

போன ஆகஸ்டில் லோய்ஸின் முழங்கால் வீங்கியது. அவர் சொல்லவில்லை. புர்கி பார்த்துவிட்டார், அவரும் சொல்லவில்லை. (கதையில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டேன் என்றால் நான் எதை எழுதுவது?)

3

நானே புர்கியின் வாயைத் திறக்க வைத்தேன்:

"கால் வலிக்குதாங்க? நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்."

இதை அவர்களுடைய ஜெர்மன் மொழியில் புர்கிக்குச் சொல்லிக்காட்டினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு நான் அவன்மேல கோவமா இருக்கிற மாதிரி எழுதியிருக்க?"

நம் வீடுகளில் மனைவி 'நீங்க' என்றால் மரியாதை. அவர்கள் வீட்டில் அது கதவை அறைந்து சாத்துவது. மலையில் கேட்கவே வேண்டாம். ஆயிரம் மீட்டருக்கு மேலே, முன்பின் தெரியாதவரும் 'நீ'தான்.

"நாப்பது வருசத்துல ஒரே ஒரு தடவைதான் எங்களுக்குள்ள அந்த வார்த்தை வந்துச்சு," என்றார் புர்கி. "அதுவும் முதல்ல அவன் வாயிலேர்ந்து."

4

எனவே திரும்ப எழுதுகிறேன். ஒரு கைகாட்டி. இடப்பக்கம் கணவாய். வலப்பக்கம் பள்ளத்தாக்கு, பேருந்து நிறுத்தம்.

"என்ன, மூச்சு வாங்குதா உனக்கு?" என்றார் லோய்ஸ்.

"எனக்கா? நீதான் நொண்டிட்டு வர்ற."

"நொண்டல. பாறை சரியில்ல."

"காலையிலேர்ந்து உன் இடது காலுக்குக் கீழ வர்ற பாறை மட்டும் சரியில்ல."

"களைப்பா இருந்தா சொல்லிடு. நீ கீழே போகலாம்னா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"நான் ஏன் சொல்லணும்? உன் வாய்க்கு என்ன?"

லோய்ஸ் தொப்பியைக் கழற்றினார். "சரி. நீங்களே முடிவு பண்ணுங்க, மேடம்."

5

முடிவு அ: கணவாய் உச்சியில் வெயில், அணைப்பு. அந்த முழங்கால் அங்கே போய்ச் சேராது.

முடிவு ஆ: பேருந்தில் அவர் தோளில் சாய்ந்து புர்கி அழுகிறார். ("பஸ்ஸுல நானா?" என்றார் புர்கி.)

உண்மையில் கைகாட்டியடியில் புர்கி சொன்னது ஒரே ஒரு வாக்கியம். என்னிடமும் சொன்னார். சொல்லிவிட்டு, "அதை மட்டும் எழுதாத," என்றார். லோய்ஸிடம் கேட்டால் அவளைக் கேள் என்கிறார்.

அது 'நீ' என்று தொடங்கியிருந்தால் பேருந்து. பூட்ஸ் இனி இல்லை. 'நீங்க' என்றால் கணவாய், அந்த முழங்கால், நடுவில் பத்தடி இடைவெளி விட்டு இரண்டு பேர். அவர்கள் மொழியில் இரண்டும் வெவ்வேறு சொற்கள், முதல் எழுத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். நல்லவேளை, நான் தமிழில் எழுதுகிறேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைகாட்டியில் சாய்ந்து, அவர் முழங்காலைப் பார்த்தபடியே புர்கி சொன்னார்: "நீ