ஏற்றிய கண்ணாடி

முதல் அடி லாரியின் முன்கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது அடி, தடுக்கப் போன சிம்னியின் தோளில். வீல் ஸ்பேனரை ஓங்கியவன் வேற்றாள் இல்லை, கூடப்பிறந்த தங்கையின் புருஷன். ஷெட்டில் யாரும் அசையவில்லை. மாமன் மச்சான் சண்டையில் குறுக்கே போனால் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

சிம்னி என்பது ஷெட்காரர்கள் வைத்த பெயர். வண்டிக்கு ஒரு சைலன்சர், ஓட்டுகிறவனுக்கு ஒன்று என்று கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனும் மாப்பிள்ளையும் ஒரே லாரிக்கு டிரைவர்கள்; ஒருவன் ஓட்டும்போது மற்றவன் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் படுத்துத் தூங்குவான். கண் அசராமலிருக்கச் சிம்னிக்கு சிகரெட் வேண்டும். தூங்குகிற மாப்பிள்ளைக்குக் குளிரக் கூடாதே என்று, பாசக்காரன், கண்ணாடியை இறுக்கி ஏற்றிவிட்டுத்தான் பற்றவைப்பான். வருடக்கணக்கில் வண்டி அப்படித்தான் ஓடியது.

நேற்று டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டார். தொட்டதே இல்லை என்றான். பக்கத்தில் யார் பிடிப்பார்கள் என்று கேட்டார். தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். நுரையீரலில் புற்று, கைமீறிவிட்டது. பிடித்தவன் குத்துக்கல்லாட்டம் நிற்கிறான். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது வேறென்ன?

சிம்னிக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதற்காக இன்னும் பத்து அடி வாங்கவும் தயாராக இருந்தான். பக்கக் கண்ணாடியும் நொறுங்கியதும் மாப்பிள்ளை இருமிக்கொண்டே சரிந்தான். சிம்னி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான்.

“என்னால இல்லன்னு சொல்லு மாப்ள. ஒரே ஒரு தடவை சொல்லிடு.”

மாப்பிள்ளை தலையால் முட்டினான். மூக்கு உடைந்த சத்தம் சிம்னிக்கே கேட்டது. மல்லாக்க விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயையும் உள்ளங்கையால் பொத்தினான். நோயாளிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மூக்கில் ரத்தம், வாயில் கை. சிம்னி காலை உதறினான். கண்ணாடிச் சில்லுகள் முதுகில் ஏறின. கண் இருட்டியது.

“குளிருதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா மச்சான்?”

பிறகு அவனே கையை எடுத்துவிட்டான். சிம்னிக்கு மூச்சு திரும்பியது. ரத்தமும் எச்சிலுமாக இழுத்து இழுத்து வாங்கினான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாப்பிள்ளையும் அதே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மூச்சைப் பொத்திய கையை எடுக்கத்தான் ஆள் இல்லை.