முப்பத்தேழாவது தடம்

"கப்பலே வரமாட்டேங்குதும்மா" என்றார் தபால்காரர், கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக.

முதலாளியம்மா தலையைத் தூக்கவில்லை. "துறைமுகத்துல போய்ச் சொல்லுங்க. இங்க கம்ப்யூட்டர் கேம் காப்பி போட்டுக் குடுக்கறதோட சரி."

"அந்தக் கேம்லதாம்மா! கலங்கரை விளக்கம். பதினோரு நாள் ஜோரா வந்துது. பன்னெண்டாம் நாளிலேருந்து ஒரு தோணிகூட இல்ல. நானும் கண்ணாடியத் தொடைக்கறேன், எண்ணெய் ஊத்தறேன், விளக்கை ஏத்தறேன். 'அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து எதைத்தான் பாக்கறீங்க'ன்னு வீட்டுல கேக்கறா. வெறும் தண்ணியப் பாக்கறேன்னு எப்படிச் சொல்றது?"

முதலாளியம்மா இப்போது நிமிர்ந்தாள். அந்த வாரத்தில் இவர் ஒன்பதாவது ஆள். எட்டுப் பேர் சொன்னதையே வார்த்தை பிசகாமல் இவரும் சொல்லிவிட்டார்.

"சாவி!" என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அடியே சாவி, இங்க வா. உன் கடல் வத்திப் போச்சாம்."

சாவி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் அல்ல. முதலாளியம்மாவின் தம்பி மனைவி அவள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே அடையாளம் "தம்பி பொண்டாட்டி". காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுத்தான் கேம்கள் வரும். ஒன்று ஆரம்பிக்கும்போதே "கையேட்டில் எட்டாம் பக்கம் மூன்றாவது சொல் என்ன?" என்று கேட்கும், இன்னொன்று காப்பி என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஒருநாள் பொழுது போகாமல் அவற்றில் ஒன்றை இவள் திறந்து வைத்தாள். பிறகு இன்னொன்று. ஆறு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம். செருப்புக் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறைக் கடைக்கு ஊரெல்லாம் ஆள் வந்தது உள்ளறை மேசையால்தான். இரண்டு ஃப்ளாப்பி ட்ரைவ், பச்சை எழுத்து ஓடும் ஒரு திரை, நீள அட்டை போட்ட ஒரு நோட்டு. அவ்வளவுதான் மேசை. அவளைப் பொறுத்தவரை உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடமும் அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அவள் இன்றுவரை ஒரு கேமும் விளையாடியதில்லை. பூட்டு திறந்ததா, முதல் படம் வந்ததா, அடுத்த ஃப்ளாப்பி.

"திருடனாவது பூட்டை உடைச்சா உள்ள போறான்" என்று முதலாளியம்மா அடிக்கடி சொல்வாள். "நீ வாசலோட திரும்பற ஒரே ஆளுடி."

"உள்ள போய் எனக்கு என்ன வேலை, அண்ணி?" என்பாள் சாவி.

அன்றைக்கு அந்தக் கேலியெல்லாம் இல்லை. தபால்காரரை அனுப்பிவிட்டு முதலாளியம்மா உள்ளறைக்கு வந்து, மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றாள்.

"இதோ பாரு. நகல் அட்டை விக்கறவன் சனிக்கிழமை வரான். கம்ப்யூட்டருக்குள்ள சொருகினா எந்த ஃப்ளாப்பியையும் அப்படியே காப்பி எடுத்துடுமாம். பூட்டாவது தாழ்ப்பாளாவது, அது பாட்டுக்கு எடுக்குமாம்."

"சரி."

"என்ன சரி? நாப்பது பேருக்குக் குடுத்திருக்கோம். நாப்பது பேருக்கும் வெறும் தண்ணி. 'எங்க சாவி திறக்காத பூட்டு கிடையாது'ன்னு நான் தெருவுல நின்னு சொன்ன வாய் இது. சனிக்கிழமைக்குள்ள கப்பல் வந்தா மேசை உன்னோடது. வரலேன்னா அட்டைய வாங்கிப் போடறேன். நீ முன்னாடி வந்து பிரிண்டர் ரிப்பன் வித்துக்கிட்டு இரு."

"அண்ணி, இன்னைக்கு வியாழன்."

"நாளைக்கு வெள்ளின்னு எனக்கும் தெரியும்."

சாவி மறுபடியும் கேமைப் பிரித்துப் போட்டாள். இதில் பூட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்று, அந்தக் கையேட்டுச் சொல் கேட்கிற பூட்டு. அதை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டாள். 'இவ்வளவு நல்ல கேமுக்கு இவ்வளவு சப்பைப் பூட்டா' என்று அப்போதே சிரித்ததும் நினைவிருந்தது. இப்போது வரிவரியாகத் தேடினாள். 'காப்பியாக இருந்தால் கப்பலை நிறுத்து' என்று எங்கேயாவது ஒரு வரி இருக்க வேண்டுமே? வியாழன் முழுக்கத் தேடினாள். வெள்ளி மதியம்வரை தேடினாள். அப்படி ஒரு வரி இல்லவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மா படியேறி வந்தாள். ஒரிஜினல் ஃப்ளாப்பி அவளுடையது. காப்பி எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று இரவல் வாங்கியது.

"ஒரு வாரம்னு வாங்கிட்டு மூணு வாரமா வெச்சிருக்கீங்க" என்றாள் பல் டாக்டரம்மா. "கேம்ல நான் நாப்பத்தோராம் நாளில நிக்கறேன். வீட்டுல அவருக்கும் எனக்கும் பேச்சுக்கு விஷயமே இல்ல."

சாவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்களுக்குப் பன்னெண்டாம் நாளுக்கு அப்புறமும் கப்பல் வந்துதா, டாக்டரம்மா?"

"வராம? பன்னெண்டாம் நாளிலேருந்துதான் கேமே. அதுவரைக்கும் வரது பழக்கி விடறதுக்கு. அப்புறம்தான் எது எப்ப வரும்னே தெரியாது. முப்பதாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் பாறைல மோதிடுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மனசு கேக்கல. அந்தச் சாயங்காலத்தையே மறுபடி ஆரம்பிச்சார். பாத்தா, மோதின கப்பல் வரவே இல்ல! வேற ரெண்டு வந்துது. திரும்பவும் ஆரம்பிச்சார், அஞ்சு பாய்மரக் கப்பல். நாலாவது தடவ ஒரே ஒரு குட்டிப் படகு."

"இருங்க, இருங்க. சேவ் பண்ணி வெச்ச அதே இடத்துலேருந்தா?"

"அதே இடம், அதே எண்ணெய், அதே விளக்கு."

"மிஷினை நிறுத்திட்டுத் திரும்பப் போட்டு?"

"ஆமாங்கறேன். ஏம்மா, பல்லைப் பிடுங்கறது நானா நீயா? இப்படிக் கேக்கறே?"

முதலாளியம்மா, "இப்ப என்ன அதிசயம்? தினம் ஒரு கப்பல் வேற மாதிரி வருது, அவ்வளவுதானே?" என்றாள்.

"அதுதான் அண்ணி முடியாதது. இது வெறும் கணக்குப் போடற பெட்டி. இதுக்குள்ள கடிகாரம்கூட, மிஷினைப் போடும்போது பூஜ்யத்துலேருந்துதான் ஓட ஆரம்பிக்கும். ஒரே கேள்வியை ஒரே இடத்துலேருந்து கேட்டா ஒரே பதில்தான் சொல்லும். நாலு தடவ கேட்டு நாலு பதில் வருதுன்னா, வெளியிலேருந்து யாரோ சொல்லிக் குடுக்கறாங்க."

"யாரு, காத்தா?"

"டாக்டரம்மா, கேம் ஓடும்போது ட்ரைவ் சத்தம் போடுமா?"

பல் டாக்டரம்மா யோசித்தாள். "சாயங்காலம் விளக்கு ஏத்தறோம் பாரு, அப்ப ஒரு தடவ 'கரக்'குங்கும். விளக்குத் திரி சத்தம்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

சாவி நீள நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் ஒரு பக்கம். அவள் கையெழுத்திலேயே இருந்தது: *கலங்கரை. நாற்பது தடங்கள். முப்பத்தேழாவது தடம் தேய்ந்திருக்கிறது. சரிசெய்யப்பட்டது.*

அதைப் பார்த்ததும் அவள் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"அண்ணி, ஃப்ளாப்பில வளையம் வளையமா நாப்பது தடம் இருக்குமில்ல. காப்பி எடுக்கும்போது ஒவ்வொரு தடத்தையும் நான் மூணு தடவ படிப்பேன். பழசான ஃப்ளாப்பி தப்புத் தப்பா சொல்லும், அதுக்காக. ஒவ்வொரு புள்ளியிலயும் மூணுல ரெண்டு தடவ ஒரே மாதிரி வந்ததை எடுத்து எழுதுவேன். அதனாலதான் நம்ம காப்பி ஒரிஜினலைவிடச் சுத்தமா ஓடுதுன்னு ஊர்ல பேரு."

"நான்தானே அந்தப் பேரைப் பரப்பினேன். அதுக்கு என்ன?"

"இந்தத் தடம் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வந்துது. அழுக்குன்னு நினைச்சேன். ஒண்ணை வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தொடைச்சுட்டேன்."

ஒரிஜினலை ட்ரைவில் போட்டாள். முப்பத்தேழாவது தடத்தை மட்டும் படிக்கச் சொன்னாள். கரக். திரையில் ஓர் எண் வந்தது. மறுபடி படிக்கச் சொன்னாள். கரக். வேறு எண். மறுபடி. மறுபடி. நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனாள். இருபது தடவை படித்தாள். இருபதும் வேறு வேறு. முதலாளியம்மாவும் பல் டாக்டரம்மாவும் அவள் தோளுக்கு இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள்.

பிறகு அவள் போட்ட காப்பியை வைத்தாள். கரக். ஓர் எண். கரக். அதே எண். கரக். அதே.

"ஒண்ணும் புரியல" என்றாள் முதலாளியம்மா, ஆனால் குரலைத் தணித்துச் சொன்னாள்.

"ஃப்ளாப்பில எதை எழுதினாலும் ஒண்ணு, பூஜ்யம், ரெண்டுதான். இந்த ஒரு இடத்துல ரெண்டும் இல்லாம, நடுவால, மங்கலா எழுதியிருக்காங்க. படிக்கற மிஷின் திணறிப் போய் ஒரு தடவ ஒண்ணுங்கும், ஒரு தடவ பூஜ்யங்கும். வேணும்னே செஞ்சிருக்காங்க, அண்ணி."

"அப்ப அதுதான் பூட்டு."

"பூட்டு இல்ல! பூட்டா இருந்தா நான் பாத்திருப்பேனே." அவள் திரையில் நான்கே நான்கு வரிகளைக் காட்டினாள். நேற்றிலிருந்து பத்துத் தடவையாவது அவற்றைத் தாண்டிப் போயிருப்பாள். "இங்க பாருங்க. விளக்கு ஏத்தினதும் அந்தத் தடத்தைப் படிக்குது. இன்னைக்கு வந்த எண்ணுலேருந்து நேத்து வந்ததைக் கழிக்குது. அந்த வித்தியாசம்தான் கப்பல். எத்தனை, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எல்லாமே அதுலேருந்துதான். நம்ம காப்பில நேத்தும் இன்னைக்கும் ஒரே எண். கழிச்சா என்ன வரும்?"

"பூஜ்யம்" என்றாள் பல் டாக்டரம்மா.

"வெறும் தண்ணி" என்றாள் சாவி.

கீழே செருப்புக் கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார்கள்.

முந்நூறு பூட்டுகளைப் பார்த்தவள் சாவி. எல்லாமே கேமுக்கு வெளியே மாட்டியவை; கழற்றி எறிந்தால் கேம் பாட்டுக்கு ஓடும். இங்கே யாரோ ஒருவன், அல்லது ஒருத்தி, பூட்டையே கடலாக்கி வைத்திருக்கிறார். 'நீ காப்பி' என்று திட்டவில்லை, மிரட்டவில்லை, நிறுத்தவுமில்லை. உயிருள்ளது ஒரே பதிலை இரண்டு தடவை சொல்லாது என்று மட்டும் நம்பியிருக்கிறார். முன்னால் இருக்கிற அந்தச் சப்பைப் பூட்டு, அவளைப் போன்றவர்கள் சிரித்துவிட்டுப் போவதற்காகவே மாட்டியது. பேர்கூடத் தெரியாத அந்த ஆள், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, சாவியின் கையை முன்கூட்டியே பார்த்தமாதிரி இருந்தது அவளுக்கு: இவள் மூன்று தடவை படிப்பாள், இரண்டை எடுத்துக்கொள்வாள், மிச்சத்தைத் துடைத்துவிடுவாள்.

"என்ன மூளைடி அது!" என்றாள் முதலாளியம்மா, பெருமூச்சாக. அடுத்த நொடியே கடைக்காரியாகிவிட்டாள். "அந்த நகல் அட்டை இதைக் காப்பி எடுக்குமா?"

"எடுக்கும். எடுத்த கையோட கடலும் வத்திடும். நம்ம ஊர் மிஷின் எதுக்கும் மங்கலா எழுதத் தெரியாது."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது." சாவி விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு செய்யலாம். அந்த எண் வேற எங்கேருந்தாவது வரணும். ஒவ்வொரு நாளும் மாறற எதுலேருந்தாவது."

சனிக்கிழமை காலை தபால்காரரை வரவழைத்தார்கள். திரையில் சாயங்காலம். பன்னிரண்டாம் நாள். அவர் ஒரு விரலால், தபால் தலை ஒட்டுவதுபோல் பதமாக, விசையை அழுத்தினார். விளக்கு எரிந்தது. தண்ணீர். தண்ணீர். பிறகு வலது ஓரத்தில் ஒரு புள்ளி.

"வருது! அம்மா, வருது பாருங்க!"

"கத்தாதீங்க, பாறைல மோதிடப் போகுது" என்றாள் முதலாளியம்மா. "நகருங்க, நான் ஏத்தறேன்." அவள் விசைப்பலகையைத் தட்டிய தட்டில் மேசை ஆடியது. ஏழு கப்பல்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"எனக்கு மட்டும் ஏன்டி சந்தைக் கூட்டமா வருது?"

"ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆகுதோ, அதைத்தான் எண்ணா எடுத்துக் குடுத்திருக்கேன், அண்ணி. யாரு விரலும் ரெண்டு தடவ ஒரே மாதிரி தட்டாது. நீங்க தட்டறது உங்க கடல். அவர் தட்டறது அவர் கடல்."

தபால்காரர் தன் விரலை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு நகல் அட்டை விற்பவர் பெட்டியோடு வந்தார். "இன்னொரு நாள் பாக்கலாம்" என்று முதலாளியம்மா அவருக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பின்னாலேயே பல் டாக்டரம்மா.

"இப்பவாவது என் ஃப்ளாப்பியக் குடுப்பீங்களா?"

முதலாளியம்மா அதை உறையில் போட்டு நீட்டினாள். நடுவில் சாவியின் கை வந்தது.

"டாக்டரம்மா, திங்கட்கிழமை தரட்டுமா? உங்க நாப்பத்தோராம் நாளைத் தொடமாட்டேன். சத்தியமா."

"எதுக்குடி?" என்றாள் முதலாளியம்மா. "அதான் காப்பி ஆயிடுச்சே! கப்பல் வருதே!"

"அது நான் வரவழைச்ச கப்பல், அண்ணி. அவங்க அனுப்பறதை நான் இன்னும் பாக்கல."

"பாத்து?"

சாவிக்கு முகம் சிவந்தது. "விளையாடணும்."

பல் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டாள். முதலாளியம்மா தம்பி மனைவியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கல்லாவைப் பூட்டி, முன்னறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த மேசை முன்னால் போட்டாள்.

"தள்ளி உக்காரு. கண்ணாடி தொடைக்கறது நான். நீ எதையும் தொடைக்காதே."

ஃப்ளாப்பி உள்ளே போனது. கையேட்டில் எட்டாம் பக்கம் மூன்றாவது சொல் என்ன என்று திரை கேட்டது. சாவி கையேட்டைப் பிரித்து, எட்டாம் பக்கத்துக்குப் போய், விரல் வைத்துத் தேடி, அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.