துணைக்கு ஆள் இல்லாத திருவாதிரை

என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இந்தப் பதினொரு மாதமும் கீழ வீதி வீட்டில் ஒரு ராத்திரிகூட என்னைத் தனியாக விடவில்லை. பக்கத்து வீட்டு ஜகதாம்பாள் தினமும் எட்டரைக்குத் தலையணையோடு வந்துவிடுவாள். துணைக்குப் படுக்கிறாளாம். படுத்த ஐந்தாவது நிமிஷம் அவள் விடும் குறட்டையில் திருடன் வந்து போனால்கூடத் தெரியாது. குறை சொல்லக் கூடாது. அந்தக் குறட்டை கேட்டால்தான் எனக்கும் தூக்கம் வந்தது.

மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள், தேரன்று ராத்திரி அவள் வரவில்லை. கோயிலில் விடியற்காலை அபிஷேகத்துக்கு இடம் பிடிக்கப் போய்விட்டாள். எனக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை, கோயிலுக்குப் போகக் கூடாது. சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது, சென்னையிலிருந்து பிள்ளை சிவபிரசாத் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி போன் பண்ணினான்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி தனியா இருந்து காட்டும்மா. முடியலன்னா போன் பண்ணு, காலையில வந்து கூட்டிக்கினு போறேன். வீட்டப் பூட்டிடலாம். அப்புறம் பேச்சே கிடையாது."

"இருப்பேன்டா," என்றேன் வீறாப்பாக.

வீறாப்பு பத்தரை மணி வரை தாங்கியது. தேருக்காகக் கழற்றிய ஒயர்களை இன்னும் மாட்டவில்லை, கரண்ட் இல்லை. சமையலறையில் ஏதோ உருண்டது. அவர் உட்காரும் நாற்காலியைப் பார்க்கவே பயமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. தோற்றுப் போனேன், அவ்வளவுதான் என்று செல்போனை எடுத்தேன். எங்கள் பழைய சுவருக்குள் சிக்னல் நுழையாது, பேசுவதற்கு மாடிக்குத்தான் போக வேண்டும்.

மொட்டை மாடிக் கதவைத் திறந்து, பிள்ளையின் பெயரைத் தேடிக்கொண்டே நாலு தப்படி நடந்தேன். சிக்னலுக்காகப் போனை உயரத் தூக்கினேன். கையோடு பார்வையும் மேலே போயிற்று.

நிலா. அதற்குத் தெற்கே, கிட்டத்தட்ட என் உச்சந்தலைக்கு மேலே, சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

நான் முப்பத்தோரு வருஷம் அறிவியல் டீச்சர். வருஷா வருஷம் கரும்பலகையில் ஓரியன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தை வரைவேன். அவன் தோளில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, "இதுதான் திருவாதிரை. இந்த வெளிச்சம் அங்கேர்ந்து கிளம்பி ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அந்த நட்சத்திரத்தின் பெயரால் தேர் இழுத்தேன், களி கிண்டினேன், கூட்டத்தில் மிதிபட்டுத் தரிசனம் பார்த்தேன். அண்ணாந்து மட்டும் பார்த்ததில்லை. மார்கழி ராத்திரியில் எந்தப் பெண்பிள்ளையை மாடிக்கு விட்டார்கள்? விட்டாலும், களிக்கு அரிசி வறுப்பது யார்?

வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கமும் போய்விட்டது. பக்கத்திலேயே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக, நான் ஸ்கேல் வைத்து வரைந்தது போலவே இருந்தன. ஆனால் என் கரும்பலகை ஆறடி. இது கிழக்கே பிச்சாவரம் பக்கம் தொடங்கி எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. "அம்மாடி!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கீழே இறங்கி, அதே இருட்டில் தடவித் தடவி, ஜகதாம்பாளின் பாயையும் அவருடைய போர்வையையும் எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியைத் தாண்டி வந்தேன். மாடியில் படுத்த பிறகுதான் பயப்பட மறந்தது நினைவுக்கு வந்தது.

கொசு கடித்தது. பனி போர்வையை நனைத்தது. கரண்ட் வந்து வீதி பளிச்சென்று ஆனபோதும் அந்தச் சிவப்பு மங்கவில்லை. தூங்கித் தூங்கி விழித்தேன். விழிக்கும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் மேற்கே போயிருந்தது. ஐந்து மணிக்கு, எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கும் கோயிலின் கீழ கோபுரக் கலசங்களுக்குப் பக்கத்தில் நின்றது. கோயிலுக்குள் மணி அடித்தது. எழுந்து நின்று கும்பிட்டேன். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இடிக்காத தரிசனம் அது ஒன்றுதான்.

ஆறு மணிக்குச் சிவபிரசாத் கூப்பிட்டான்.

"போனே வரல. ஜெயிச்சிட்டியாம்மா?"

"பத்தரைக்கே தோத்துட்டேன். உனக்குப் போன் பண்ணத்தான் மாடிக்கு வந்தேன்."

"அப்ப ஏன் பண்ணல?"

"மேல பாத்துக்கினே இருந்ததுல மறந்துட்டேன்டா."

"சரி, பூட்டறதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்," என்றான்.

"அப்புறமும் கிடையாது," என்றேன்.

அன்று ராத்திரி எட்டரைக்கு ஜகதாம்பாள் தலையணையோடு வந்தாள்.

"பாய் எங்கடி ஸ்வர்ணா?"

"மாடியில. தனியாப் படுக்க பயமா இருந்தா நீயும் வா. நான் துணைக்கு இருக்கேன்."