முன் சீட்டுக்கு ஒரு லைட்

எழுந்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்து, முகச்சவரம் செய்து, தாடைக்கு அடியில் விட்டுப்போன இடத்தை விரலால் தேடி இன்னொரு இழுப்பு இழுத்தான். பாலைக் காய்ச்சி இறக்கினான். குப்பைப் பையின் வாயைக் கட்டி வாசலில் கொண்டுபோய் வைத்தான். ஹாலில் உறவுக்காரர்கள் கிடைத்த இடத்தில் கிடைத்த தலையணையோடு படுத்திருந்தார்கள். அந்தக் கால்களையெல்லாம் தாண்டி, பரண்மேலிருந்த கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான்.

அவன் மனைவியின் உடலை மதியத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் லைட்டை மாட்டிவிடலாம்.

கார் நேற்று விட்ட கோலத்திலேயே நின்றது. பானெட் பூட்டாமல் சாத்தியிருந்தது. பேட்டரியின் மைனஸ் கம்பி கழற்றி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. முன் கண்ணாடியை ஒட்டிய தூணின் மூடி பின் சீட்டில் கிடந்தது. கூரைத் துணியில், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி, நீள்சதுரமாக ஓர் ஓட்டை. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் தொங்கின. ஓட்டையின் ஒரு மூலையில் அவள் பென்சிலால் போட்ட குறி பாதி வெட்டுப்பட்டு மீதி இருந்தது.

மச்சான் டீ டம்ளரோடு வந்தான். அவளுக்கு அண்ணன். அவனுக்கு அவள் வைத்த பெயர் ரேடியோ. காதில் விழுந்ததையெல்லாம் ஒலிபரப்புவான். விழாததை இன்னும் சத்தமாக ஒலிபரப்புவான்.

“என்ன மாப்ள, காலங்காத்தால ஒர்க்‌ஷாப் திறந்துட்ட?”

“வண்டி வேணும்ல மச்சான்.”

“வேணும்தான். ஒன்பது மணிக்கு சித்தி பஸ் வந்துடும், கூட்டிட்டு வரணும். பேட்டரியை மட்டும் மாட்டிக் கொடு, போதும். லைட்டை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“ஓட்டை போட்டாச்சே.”

ரேடியோ டீயை ஊதினான். பிறகு கதவுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா உன்னைக் கேட்பாங்க. கடைசியா அவ என்ன சொன்னான்னு. ராத்திரி பூரா அதையேதான் கேட்டுட்டு இருந்தாங்க. ‘அம்மா’ன்னு கூப்பிட்டான்னு நான் சொல்லி வச்சிருக்கேன். நீ ஆமான்னு ஒரு தலையாட்டு.”

“நீங்க அங்க இல்லையே மச்சான்.”

“இல்லைன்னா என்ன? விழுந்தா எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க. போன வாரம் போன்ல அவகிட்ட சண்டை போட்டு வச்சவங்க, அதுக்கப்புறம் பேசவே இல்ல. இப்படியே விட்டா அம்மா அதையே நினைச்சுப் படுத்துடுவாங்க. ஒரு தலையாட்டல்ல என்ன, உன் கழுத்தா சுளுக்கிடும்?”

அவன் ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினான். ரேடியோ அதை சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

அவள் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் காரை ஓரங்கட்டி, அடுத்த நோயாளியின் தாளைப் படித்துவிட்டுத்தான் இறங்குவாள். இந்தக் காரில் இருந்ததோ கூரை நடுவில் ஒரே ஒரு விளக்கு. அது பின் சீட்டுக்குத்தான் வெளிச்சம் காட்டும். பொழுது சாய்ந்தால் தாளைத் தலைக்கு மேலே தூக்கி, உடம்பைத் திருப்பிப் படிப்பாள். “ஊர் கழுத்தெல்லாம் சரிபண்றேன், என் கழுத்து கோணிக்கிட்டு நிக்குது” என்பாள். இரண்டு கண் வைத்த லைட்டை அவளே பார்த்து வாங்கினாள். அவன் மாட்டித் தருவதாகச் சொல்லி, சொல்லி, நேற்று உட்கார்ந்தான்.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடம் குறித்தாள். அவன் பிளேடால் துணியை அறுத்தான். காலையிலிருந்தே தலைவலி என்றிருந்தாள். ஓட்டையின் அளவு சரியா என்று லைட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாத்திரை போட எழுந்தாள். கார்க் கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து ஒன்று சொன்னாள். அவன் “ம்” என்றான். சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் விழுந்தது தண்ணீர் இல்லை.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. விழுந்த பிறகு அவள் வாய் திறக்கவே இல்லை. இவர்கள் காரின் பேட்டரி கழன்று கிடந்ததால் எதிர் வீட்டுக்காரர் வண்டியில்தான் கொண்டுபோனார்கள். “முன்னாடியே வந்திருந்தாலும் இதேதான்” என்றார் டாக்டர், அவன் கேட்காமலே.

அவள் குனிந்து சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டில் எடுத்து நீட்டக்கூடிய பேச்சாக அது இல்லை.

வயரை இப்போது தூணின் வழியாகக் கீழே இறக்கினான். தூணுக்குள், கார் மோதினால் விரியும் காற்றுப்பை மடித்து வைத்திருந்தது. அதற்கு முன்னால் வயர் போனால், பை விரியும்போது வயரையும் சேர்த்து முகத்தில் அறையும். பின்னால்தான் விட வேண்டும். இரண்டு தடவை முன்னால் வந்தது. மூன்றாவது தடவை பின்னால் போனது. கறுப்பு வயரை டாஷ்போர்டுக்கு அடியில் வெறும் இரும்பில் இருந்த போல்ட்டில் முறுக்கினான். சிவப்பை ஃப்யூஸ் பெட்டிக்குக் கொண்டுவந்தான்.

“சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஃப்யூஸ்ல கொடு” என்றான் ரேடியோ. “அணைக்க மறந்தா பேட்டரி படுத்துடும்.”

“சாவியை எடுத்துட்டுத்தான் அவ படிப்பா.”

“அது சரி, ஆனா இனிமே யாரு...” என்று ஆரம்பித்தவன், மீதியை டீயோடு சேர்த்து விழுங்கினான்.

அவன் எப்போதும் கரண்ட் இருக்கும் ஃப்யூஸில் சிவப்பைச் சேர்த்தான். பானெட்டைத் தூக்கி மைனஸ் கம்பியை மாட்டி ஒரு முறுக்கு முறுக்கியதுதான் தாமதம், கார் அலற ஆரம்பித்தது. ஹாரன் விட்டுவிட்டு அடித்தது. நான்கு மூலை விளக்கும் கண்சிமிட்டின. காருக்கு யாரோ திருடன் வந்துவிட்டான் என்று நினைப்பு.

வீட்டுக்குள் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. “உடம்பு வந்துடுச்சா?” என்று யாரோ பதறினார்கள். “இல்ல இல்ல, காரு கத்துது” என்றார் அவனுடைய பெரியப்பா. “வீட்டுல அழ வேண்டியவன் அழாம ஸ்பேனரைத் தூக்கிட்டு நின்னா, காருதான் அழும்.”

“சாவி! சாவி எங்க மாப்ள?” ரேடியோ காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

சாவி அவளுடைய தோள்பையில் இருந்தது. பை படுக்கையறைக் கதவின் பின்னால் தொங்கியது. அந்த அறையில் அத்தை, அவளுடைய அம்மா, உட்கார்ந்திருந்தாள்.

அவன் உள்ளே ஓடுவதற்கு முன் அத்தையே வந்துவிட்டாள். முட்டி ஆபரேஷன் ஆன காலை இழுத்து இழுத்து, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. சாவியை எடுத்து நீட்டினாள். பட்டனை அமுக்கினான். சத்தம் நின்றது. தெரு முழுக்கத் திடீரென்று ஒன்றுமில்லாமல் போனது.

“எல்லாரும் உள்ள போங்க” என்றாள் அத்தை. “நீயும்தான்டா.”

ரேடியோ போகும்போது அவனைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

அத்தை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். “படி இறங்கினதே பெருசு. மடங்க மாட்டேங்குது.”

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லைட்டின் பின்புறம் வயரைச் சொருகினான்.

“இதுக்குத்தான் சண்டை” என்றாள் அத்தை. “தினம் நாலு வேளை முட்டியை மடக்கு, மடக்குன்னு. வலிக்குதுடீன்னா, வலிச்சாத்தான் சரியாகும்ங்கிறா. நீ எனக்குப் பொண்ணா போலீசான்னு கேட்டுட்டு போனை வச்சுட்டேன். அவளே கூப்பிடட்டும்னு இருந்தேன். அவ என்ன நினைச்சாளோ.”

“ஒண்ணும் நினைக்கல அத்தை. ‘அம்மாவுக்கு வீம்பு’ன்னு சொன்னா. அவ்வளவுதான்.”

“வீம்புதான்.” முழங்காலைத் தடவினாள். “மாப்பிள்ளை, அவன் சொல்றது நெசமா?”

அவன் லைட்டின் பட்டனை அமுக்கினான். பகல் வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கையைக் குறுக்கே வைத்துப் பார்த்தான். விரல்களில் வெளிச்சம் விழுந்தது. எரிந்தது. தலையாட்டினால் வேலை முடிந்தது. கழுத்து சுளுக்காது.

“எரியுது” என்றான்.

“நான் அதைக் கேட்கல.”

“தெரியும் அத்தை.”

“எனக்கு அவளைத் தெரியாதா? சின்னதுல கை முறிஞ்சப்பவே என்னைக் கூப்பிடல. தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. அம்மான்னு கத்துற ஜென்மமா அது?” அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆறுதல் சொல்ல உள்ள அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. உங்ககிட்ட அதை நான் கேட்கல. நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல இருந்தீங்க.”

அவன் லைட்டை ஓட்டையில் பொருத்தினான். உட்கார்ந்தது. இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து இரண்டு ஸ்க்ரூவை எடுத்தான். வைக்க இடமில்லை.

“அத்தை, கையை நீட்டுங்க.”

நீட்டினாள். உள்ளங்கையில் வைத்தான். ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தான்.

“இதுக்கு ஒரு ஆளா?” என்றாள் அத்தை. குரலில் பழைய அத்தை கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். “வாயில கவ்விக்க வேண்டியதுதானே. உங்க மாமா இருந்தவரைக்கும் ஆணி, ஸ்க்ரூ எல்லாம் வாயிலதான். கூப்பிட்டா பதில் வராது. வீட்டுல ஒரு ஆணி அடிக்கிறதுக்குள்ள எனக்கு உசிரு போயி உசிரு வரும்.”

அவன் கை அப்படியே நின்றது.

“அதைப் பத்திதான் அத்தை.”

“எதை?”

“கடைசியா அவ பேசினது. அம்மான்னு சொல்லல. உங்களைப் பத்தி எதுவும் சொல்லல. தலை வலிக்குதுன்னு எழுந்து போனா, கதவுகிட்ட நின்னு என்னைப் பார்த்தா. நான் இந்த ஸ்க்ரூவை வாயில வச்சிருந்தேன்.”

அத்தை கையை மூடவில்லை. லைட்டின் வெளிச்சம் நேராக அந்த உள்ளங்கையில் விழுந்தது.

தெருமுனையில் ஒரு பெரிய வண்டி மெதுவாகத் திரும்பும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்றாள் அத்தை. “ஒரு வார்த்தை விடாம.”

அவன் சொன்னான்.

“வாயில இருக்கிறதை முதல்ல எடு. முழுங்கிட்டு வந்து நின்னா, ஆஸ்பத்திரிக்கு அலைய எனக்கு லீவு இல்ல.”