அப்பாவின் நெஞ்சுக்குள் பாஸ் கிடார்

கொடைக்கானலுக்கு வந்த எட்டு மாதத்தில் சிவமுருகன் வீட்டுக்கு முப்பத்தாறு வீடியோ அனுப்பியிருந்தான். முப்பத்தாறிலும் அவன் சும்மா நிற்கிறான் என்பதுதான் அய்யம்பாளையத்தில் பேச்சு.

குற்றம் போனுடையது. செண்பகனூர் ரோட்டிலிருந்த அந்த ரிசார்ட்டில் சனிக்கிழமைதோறும் மூன்று பேர் கச்சேரி. ஷபீர் கிடார் வாசித்துப் பாடுவான், அஜய் டிரம்ஸ், சிவமுருகன் பாஸ். ஊரில் அம்மாவின் போனில் ஸ்பீக்கர் நகக்கண் அளவுதான். அதில் ஷபீரின் குரல் கணீரென்று வரும், அஜயின் தட்டு சலசலக்கும். சிவமுருகனின் சத்தம் மட்டும் மலையைவிட்டு இறங்கவே இறங்காது.

"எல்லாப் பயலும் என்னமோ சோலி பாக்குறான். நீ ஏன்லே ஆட்டுக்குட்டியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிற?" என்று கேட்டார் அப்பா கந்தவேல்.

"அது பாஸ் கிடாருப்பா. அடியில நின்னு மொத்தப் பாட்டையும் தாங்குறது. நம்ம திருவிழாவுல உறுமி இல்லாம சாமி ஆடுவாங்களா? அது மாதிரி."

"உறுமி சத்தம் மருதாநதி அணை வரைக்கும் கேக்கும். ஒன் சத்தம் எங்கலே?"

அப்பாவே முடிவு சொன்னார். "சனிக்கெழம நாங்களே வாரோம். நேருல பாக்குறேன். சும்மா நிக்கிறது நெசம்னா பெட்டியக் கட்டி எங்ககூட பஸ் ஏறிரு. வத்தலக்குண்டுல ஒன் மாமன் ஹார்டுவேர் கடையில ஆளு வேணுமாம். அங்க நின்னாலும் ஆணியாச்சும் எடுத்துக் குடுப்ப."

அன்றிலிருந்து சிவமுருகன் இராப்பகலாக வாசித்துப் பழகினான். கம்பி அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் கொப்புளம். தட்டச்சு செய்ய முடியாமல் தங்கச்சி லாவண்யாவுக்கு வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்புவான். அந்த வாரம் ஒரே நாளில் பதினேழு போனது. 'அப்பா பிபி மாத்திரை எடுத்துட்டு வரணும்.' 'அம்மாவுக்கு வளைவுல வாந்தி வரும், எலுமிச்சம்பழம் கொண்டு வா.' 'அப்பா கோவமா இருக்காரா, ரொம்பக் கோவமா இருக்காரா?' லாவண்யா கிண்டலாக ஒரே பதில்தான் போட்டாள். 'அண்ணே, நீ வாசிக்கிற மாதிரியே இருக்கு. ஒண்ணும் கேக்கல.'

ரூமில் ஷபீர் தேற்றிப் பார்த்தான். "மாப்ள, பேசாம ஒனக்குப் பிடிச்ச பாஸ் பிளேயர் யாருன்னு அப்பாகிட்ட காட்டு. பெரிய ஆளப் பாத்தா மரியாத வந்துரும்."

சிக்கலே அங்குதான். சிவமுருகன் பாஸ் கற்றது பழைய சினிமாப் பாட்டுகளை இயர்போனில் கேட்டு. பாடகர் போகட்டும், வயலின் போகட்டும் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டு, கீழே தனியாக நடந்துபோகிற பாஸ்காரரின் பின்னாலேயே போவான். அந்த பாஸ்காரர்களின் பெயர் எந்தக் கேசட் அட்டையிலும் இல்லை. ஆகவே அவனே பெயர் வைத்திருந்தான். ஒருவர் 'வழுக்குறவர்'. ஒருவர் 'மாடிப்படி'. பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஓடி வந்து இரண்டு சுரம் வைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறவர் 'மருமகன்'. மருமகன்தான் அவனுக்கு உயிர். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னால் அவர் மாமன் கடைக்குக்கூட அனுப்பமாட்டார், நேரே டாக்டரிடம்தான் கூட்டிப்போவார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா, அம்மா, லாவண்யா மூவரும் வந்து இறங்கினார்கள். அம்மா விசாலாட்சி பாதி எலுமிச்சம்பழத்தோடு. அப்பா நெஞ்சில் ஒரு கையோடு.

"என்னப்பா?"

"பஸ்ஸுல ஒருத்தன் சொன்னான், மலை ஏறுனா இருதயம் வேகமா அடிக்குமாம். அடிக்குதான்னு பாத்துக்கிட்டே வாரேன்."

ரிசார்ட் மேனேஜர் சுசித்ரா கண்டிப்பானவள். முன் நாற்காலிகள் கெஸ்ட்டுக்கு. சிவமுருகன் வீட்டாரை மேடையின் ஓரத்தில், பூச்சாடி வைத்த ஒரு மேசையோடு உட்காரவைத்தாள். அது மேசையே அல்ல, பாஸ் ஸ்பீக்கர். கெஸ்ட் எடுக்கும் போட்டோவில் கறுப்பாகத் தெரிகிறதென்று அவள்தான் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்திப் பூச்சாடி வைத்திருந்தாள். பழக்கத்தில் பேண்டுக்காரர்களே அதை மறந்திருந்தார்கள். கந்தவேல் டீயை அதன்மேல் வைத்துவிட்டு அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். ஊர்க் கோயிலில் அவர் கண்டதெல்லாம் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான்.

பாட்டு தொடங்கியது. சிவமுருகன் முதல் கம்பியைத் தொட்டான்.

கந்தவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி சாய்ந்தார். நெஞ்சைத் தடவினார்.

"விசாலாட்சி, அடிக்குதுடி."

"என்னங்க அடிக்குது?"

"நெஞ்சு. திம்முதிம்முன்னு. உள்ளுக்குள்ள யாரோ உலக்க போடுறான். வெரசா வண்டி பிடி!"

அம்மா எழுந்து, "ஐயோ, ஏலே முருகா!" என்று போட்ட கூச்சலில் சிவமுருகன் திரும்பினான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் விரல் கம்பியிலேயே உறைந்துவிட்டது.

பாட்டு அந்தரத்தில் தொங்கியது. ஷபீர் பாடிக்கொண்டுதான் இருந்தான், அஜய் தட்டிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் வாழைத்தாரைத் தாங்கிய முட்டுக்கம்பை உருவியது போல் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை நின்று தன் காலையே குனிந்து பார்த்தது.

"நின்னுருச்சு!" என்றார் கந்தவேல்.

"நெஞ்சா நின்னுருச்சு?" அம்மா அலறினாள்.

"ஏ கூறுகெட்டவளே, அடிக்கிறது நின்னுருச்சு. இப்ப நல்லா இருக்கேன்."

அதற்குள் லாவண்யா டீ கிளாஸைக் கவனித்திருந்தாள். பாட்டு நடந்தபோது டீயில் வளையம் வளையமாக ஓடியது. இப்போது ஆடை கட்டிக் கிடந்தது. அவள் துணிமேல் உள்ளங்கையை வைத்தாள். "அண்ணே, ஒரு தட்டு தட்டு."

சிவமுருகன் கம்பியில் ஒன்று தட்டினான்.

"அப்பா, நெஞ்சு இல்ல. மேச."

கந்தவேல் மேசையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மறுபடி முதுகைச் சாய்த்தார்.

"வாசி." வாசித்தான். "நிறுத்து." நிறுத்தினான். "பாடுற தம்பி, நீங்க மட்டும் பாடுங்க." ஷபீர் பாடினான். கந்தவேல் தலையை ஆட்டினார், இது இல்லை என்று. "இப்ப நீ வாசிலே." மோட்டார் பழுது பார்க்கிறவர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டார். குழந்தை மறுபடி ஆடத் தொடங்கியது. சுசித்ரா கோபமாக ஓடிவந்தாள். அதற்குள் கெஸ்ட்டெல்லாம் இதுவும் நிகழ்ச்சிதான் என்று கைதட்டிவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகவேண்டியதாயிற்று.

சிவமுருகன் அன்று மருமகன் மாதிரி வாசித்தான். ஷபீர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் இரண்டு சுரம் ஓடி வந்து ஒளிந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் அப்பாவின் மீசை ஆடியது. சிரிப்பாலா, ஸ்பீக்கராலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்கு அவன் தன் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டே போனான். அப்பா வாயால் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே. வண்டி இன்ஜினைப் போட்டு நின்றிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் தடதடத்தது.

"பெட்டி எதுக்குலே?"

"நீங்கதானப்பா கட்டச் சொன்னீங்க."

"சும்மா நின்னா கட்டச் சொன்னேன். மாமனுக்கு வேற ஆளு பாக்கச் சொல்லிட்டேன். போ, போயி ஆட்டுக்குட்டியத் தூக்கு."

அம்மா பஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "எல்லாஞ் சரி. ரெண்டு வரி பாடவும் செஞ்சா நல்லாருக்கும்ல?"

"நீ சும்மா இரு" என்ற கந்தவேல், அதிரும் சீட்டில் நன்றாகச் சாய்ந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, டிரைவர் பக்கம் தாடையை நீட்டினார்.

"ஏலே, இவனும் ஒன் ஆளுதான் போலருக்கு. ஆனா தாளம் பத்தல."